சுண்ணாம்புத் தூளுக்கு 1 டன் ஜம்போ பேக்: எந்த அளவு, எந்த வகை?

கங்கைகொண்டான் தூள்

எல்லாருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் பக்கத்துல ஒரு சின்ன சுண்ணாம்பு யூனிட்ல பேக்கிங்கும் டெஸ்பாட்சும் பாக்கேன். தலையூத்துப் பக்கத்துக் கல்லைச் சூளையில சுட்டு, ஹைட்ரேட்டர்ல (தண்ணி சேத்து நீத்துற மிஷின்) நீத்து, சலிச்ச வெள்ளைத் தூளை இதுவரைக்கும் 25 கிலோ பையிலதான் அனுப்புதோம். தண்ணி சுத்திகரிக்கிற இடம், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் பதனிடுற இடம், இவியதான் வாடிக்கை.

இப்ப ராணிப்பேட்டை வாடிக்கையாளர் 1 டன் ஜம்போ பேக்ல கேக்காவ, அதான் தூக்குறதுக்கு நாலு லூப் (காது) தச்ச பெரிய நெய்த பிளாஸ்டிக் பை. அங்க 25 கிலோ பையைக் கிழிச்சுக் கொட்ட ஆள் கிடைக்கல, தூசியும் தாங்கல. இன்னொருத்தர் தூத்துக்குடி துறைமுகம் வழியா 20 அடி கண்டெய்னர்ல அனுப்ப விலை கேட்டிருக்காரு.

பை விக்கிற ஒருத்தர் "இதுதான் 1 டன் பை"ன்னு 90×90×110 செ.மீ. அளவுல ஒரு மாதிரி கொடுத்தாரு. நிரப்பிப் பாத்தா 530 கிலோவுலயே வாய் வரைக்கும் வந்துட்டு. மறுநா காலையில வந்து பாக்கேன், தூள் ஒரு சாண் இறங்கிக் கெடக்கு. பை தொட்டி மாதிரி சதுரமா நிக்கும்னு நெனச்சோம், ஆனா வயிறு தள்ளி உருண்டையா நிக்கி. தையல் ஓரமா வெள்ளையா தூள் கசியவும் செய்யுது.

1 டன்னுக்கு எந்த அளவு வாங்கணும்? உள்ள பிளாஸ்டிக் லைனர் கட்டாயமா? கொட்டேஷன்ல ஜிஎஸ்எம், 5:1, டைப் ஏ, பி, சின்னு என்னென்னமோ போட்டிருக்காவ. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை லோடு

தம்பி, இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல. 100×100×150 வாங்கிப் போடுங்க, எந்தத் தூளா இருந்தாலும் 1 டன் ஏறிரும். எங்க குடோன்ல வாரதெல்லாம் அந்த அளவுதான்.

தலையூத்து பேக்கிங்

பேட்டை அண்ணாச்சி, உங்க குடோனுக்கு வார சரக்குக்கு அந்த அளவு சரியா இருக்கும். இந்தத் தம்பி தூளுக்கு அப்பிடி அளக்காம சொல்லக் கூடாது. வேலை முழுக்க பேக்கிங் பிளாண்ட்லயே போச்சு எனக்கு; சிமெண்ட், கல்லுத் தூள், சுண்ணாம்பு, ஜிப்சம் எல்லாம் ஜம்போ பேக்ல ஏத்தி அனுப்பியிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

தம்பி, "1 டன் பை"ன்னு விக்கிறவர் சொன்னது பொய்யில்ல. அந்த 1 டன் பை தாங்குத எடை. கொள்ளுத அளவு வேற. லேபிள்ல இருக்க 1000 கிலோங்கிறது, தூக்கும்போது லூப்பும் துணியும் தையலும் தாங்குத பாதுகாப்பான எடை. உள்ள எம்புட்டு ஏறும்னு உங்க தூள்தான் சொல்லணும். ஒரு கன மீட்டர் சிமெண்ட் 1,200 கிலோவுக்கு மேல இருக்கும். நீத்த சுண்ணாம்பு அதுல பாதிகூட வராது. சிமெண்டுக்கு அளவெடுத்த பையில உங்க தூளைப் போட்டா பாதி டன்லயே வாய் நிறைஞ்சிரும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

முதல் வேலை, தூளை அளங்க. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒண்ணு எடுத்துக்கிடுங்க. அதை எடை போட்டு, 20 கிலோ தண்ணி ஊத்தி, தண்ணி நிக்கிற இடத்துல கோடு போடுங்க. அந்தக் கோடோட வாளியை அறுத்தா சரியான 20 லிட்டர் அளவை கிடைக்கும். ஈரம் துளியும் இல்லாம துடைச்சுக் காய வச்சிருங்க, சுண்ணாம்பாக்கும்.

நீங்க பை நிரப்புத அதே ஸ்பவுட்டுக்கு (தூள் விழுத குழாய் வாய்) கீழ வச்சு, தட்டாம, அமுக்காம நிரப்பி, மட்டப்பலகையால வழிச்சு எடை போடுங்க. அது தளர்ந்த எடை. பொறவு வாளியைத் தரையில மெதுவா ஒரு ஐம்பது தடவை தட்டி, இறங்க இறங்க நிரப்பி, மறுபடி வழிச்சு எடை போடுங்க. அது அமுங்கின எடை. வீட்டுல நாழியில அரிசி மாவு அளக்கையில தட்டி அளந்தா ஒரு கணக்கு, தட்டாம அளந்தா ஒரு கணக்குன்னு சொல்லுவாவல்லா, அதேதான். ரெண்டு எண்ணையும் 20-ஆல வகுத்து 1000-ஆல பெருக்கினா கன மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்திரும். ஒரு நாள் தூளை வச்சு முடிவு பண்ணாதிய. காலை ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், சல்லடை மாத்தின நாள்னு கொஞ்சம் மாறி மாறி எடுங்க.

அளக்கும்போதே தூளோட சூட்டையும் பாருங்க. ஹைட்ரேட்டர்ல இருந்து வார தூள் கிட்டத்தட்ட 100 டிகிரியில வரும். பை பாலிப்ரொப்பிலீன். அது உருகுறது 160 டிகிரிக்கு மேலதான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலயே இழை தளந்து பலம் குறைஞ்சிரும். உள்ள போடுத பாலித்தீன் லைனர் இன்னும் கீழயே இளகும். இன்னொரு தொல்லையும் இருக்கு: சூடான தூளோட சூடான காத்தும் லைனருக்குள்ள அடைபட்டு, ராத்திரி குளிரும்போது பிலிம்ல நீர் வேர்க்கும். அந்த ஈரம் தூள்ல பட்டு ஓரமெல்லாம் கட்டி பிடிக்கும். தூள் 60 டிகிரிக்குக் கீழ இறங்கின பொறவுதான் பைக்குள்ள போகணும். சூடா இருக்கும்போது தூளுக்குள்ள காத்து நிறைய இருக்கும், தண்ணி மாதிரி ஓடும், எடையும் குறைச்சலாக் காட்டும். அந்த எண்ணை வச்சுப் பை வாங்கினா தேவைக்கு மேல பெரிய பை வாங்குவிய.

லைனர் கேட்டியளே. உங்க சரக்குக்குக் கட்டாயம் வேணும். நீத்த சுண்ணாம்பு காத்துல இருக்க கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லுச் சுண்ணாம்பாவே மாறிரும். வாடிக்கையாளர் காசு கொடுக்கது அதுல இருக்க கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு. நெய்த துணி வழியா காத்து போகும், வரும். ஐப்பசி கார்த்திகை மழையில குடோன்ல கெடந்தா ஈரமும் சேந்துக்கிடும். லைனர் வாயை முறுக்கி, மடக்கி, மறுபடி கட்டணும். சும்மா ஒரு முடிச்சுப் போட்டா காத்துப் போகும்.

நீறாத சுட்ட சுண்ணாம்பைப் பையில அனுப்புத யோசனை இருந்தா அது தனிக் கதை. ஒரு ஓட்டை வழியா தண்ணி போனாலும் கொதிச்சு ஊதி, பை வெடிக்கும், பக்கத்துல நிக்கவன் முகத்துல அடிக்கும். அதை இந்தக் கணக்கோட சேக்காதிய.

வாளிக் கணக்கு வந்ததும் எழுதுங்க. கூடவே உங்க லாரி உள்ளகலம், ராணிப்பேட்டைக்காரங்க பையைத் தூக்குத கொக்கி உயரம், அவங்க தொட்டி வாய் அகலம், இது மூணையும் கேட்டுக்கிட்டு வாங்க.

கங்கைகொண்டான் தூள்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே அளந்தாச்சு. ஆறின தூள், தட்டாம 20 லிட்டருக்கு 9.6 கிலோ, தட்டினா 12.6 கிலோ. ஷிப்டுக்கு ஷிப்ட் பெருசா மாறல.

லாரி உள்ளகலம் 8 அடி. ராணிப்பேட்டையில கொக்கி தரையில இருந்து 4 மீட்டர்ல இருக்காம். கீழ தொட்டி வாய் தரையில இருந்து 1.2 மீட்டர் உயரம், அகலம் 50 செ.மீ. நிரப்பும்போது பையை அதிரவைக்க எங்ககிட்ட இப்ப வைப்ரேட்டர் கிடையாது, வாங்கணும்னா முதலாளிகிட்ட காரணம் சொல்லணும்.

தலையூத்து பேக்கிங்

நல்ல வேலை செஞ்சிய. 9.6 கிலோன்னா கன மீட்டருக்கு 480. 12.6-ன்னா 630. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க இடைவெளிதான் முதலாளிகிட்ட நீங்க காட்ட வேண்டிய காரணம்.

தட்டாம நிரப்பினா 1 டன்னுக்கு 1000-ஐ 480-ஆல வகுக்கணும்: 2.08 கன மீட்டர். பைக்குக் கீழ அதிரும் மேசை வச்சு நிரப்பினா 630 முழுசா கிடைக்காது, கைத்தட்டு வேற, மேசை வேற. 580-னு வச்சுக்கிடுவோம். 1.72 கன மீட்டர் போதும். ஒவ்வொரு பையிலயும் மூணுல ஒரு பங்கு கன மீட்டருக்கு மேல மிச்சம். அது துணியும் லைனரும் மட்டுமில்ல, லாரியில இடமும். இன்னொண்ணு, அதிரவைக்காத பை லாரியில போகும்போது தானா இறங்கும். இறங்கினா மேல தளந்து, பை சாயும். நாகர்கோவில் ரோட்டுலயே ஒரு வளைவுல சாஞ்ச பையைப் பாத்திருக்கேன், ராணிப்பேட்டை ரொம்பத் தூரம்.

இப்ப வயித்துக்கு வருவோம். பை தைக்கும்போது சதுரம், நிரம்பினா வட்டம். துணியோட சுத்தளவு மாறாது, வடிவம் மட்டும் மாறும். 90×90 பைக்கு சுத்தளவு 360 செ.மீ. அதை 3.14-ஆல வகுத்தா விட்டம் 115 செ.மீ. அதாவது 90-ன்னு வாங்குத பை 115 இடத்தை அடைக்கும். கொள்ளளவும் அதுக்குத் தக்கனதான்: சதுரமா பாத்தா 0.81 சதுர மீட்டர், வட்டமானா 1.03. ரெண்டு கணக்கையும் சேத்துப் பாக்காம பை வாங்குனா ஒண்ணு கொள்ளாது, இல்ல லாரியில அடுக்க முடியாது.

உங்க லாரி 8 அடி, 244 செ.மீ. ரெண்டு பை அகலத்துல நிக்கணும்னா ஒவ்வொண்ணும் 122-க்குள்ள இருக்கணும். 95×95 பை 121-ல நிக்கும். பரப்பு 1.15. 1.72-ஐ 1.15-ஆல வகுத்தா 1.5 மீட்டர் உயரம். அடிப்பாகம் உருளும்போது கொஞ்சம் துணி போகும், வாய் மடக்க இடம் வேணும், அதனால 95×95×165 கேளுங்க. நிரம்பின உயரத்தை விட்டத்தால வகுத்தா 1.24 வருது, 2-க்கு மேல போகக் கூடாது, பயமில்ல. பேட்டை அண்ணாச்சி சொன்ன 100×100 பை 127-ல நிக்கும், ரெண்டு வச்சா 254. உங்க லாரிக்குள்ள வலிச்சுத் தள்ளி நிறுத்தும்போது பக்கப் பலகையில உரசிக் கிழியும்.

ராணிப்பேட்டைக் கொக்கி 4 மீட்டர். தொட்டி வாய் 1.2. நடுவுல 2.8 மீட்டர். பை 1.5, மேல லூப் 30 செ.மீ., கீழ இறக்குத ஸ்பவுட் 50 செ.மீ. கூட்டினா 2.3. தூக்கும்போது பை அடி கொஞ்சம் தொங்கும், நாலு லூப்பையும் மாட்டுத சட்டம் ஒண்ணு வேணும், அதுக்கும் ஒரு சாண் போகும். ஆனாலும் பத்தும். அவங்க கொக்கி 3.5 மீட்டர்ல இருந்திருந்தா இந்தப் பையே ஆகாது, குட்டைப் பைக்கு மாறியிருக்கணும். அதுக்குத்தான் அங்க போய் அளக்கச் சொன்னேன். கீழ ஸ்பவுட் விட்டம் 40 வையுங்க. 35-ன்னு கொடுப்பாவ, உங்க தூள் ஒட்டுத ஜாதி, சின்ன வாயில பாலம் கட்டி நின்னுக்கிடும். பொறவு எவனாவது கீழ நின்னு கம்பியால குத்துவான். தொங்குத பைக்குக் கீழ ஆள் நிக்கவே கூடாது, இதை ராணிப்பேட்டைக்காரங்ககிட்டயும் சொல்லிருங்க. கத்தியால அடியைக் கிழிக்கவும் விடாதிய.

கண்டெய்னர் கணக்கு இதுல இருந்து மாறும். 20 அடி கண்டெய்னர் உள்ளகலம் 235 செ.மீ., நீளம் 589, கதவு உயரம் 228. 95 பை ரெண்டு வச்சா 242, ஏறாது. 90 பை ரெண்டு 230, ஏறும். நீளத்துக்கு அஞ்சு, 575. தரையில பத்து பை. ஆனா 1 டன் 90 பையில போட்டா உயரம் 1.67 மீட்டர், மேல இன்னொண்ணு வைக்க முடியாது. கண்டெய்னர்ல வெறும் 10 டன், மேல பாதி காத்து. அதுக்குப் பதிலா 90×90 பையை 1 மீட்டர் உயரத்துல நிறுத்தினா 600 கிலோ ஏறும். ரெண்டு அடுக்கு, இருபது பை, 12 டன். வெளிநாட்டுக்காரர் "1 டன் பை"ன்னு கேட்டா இந்தக் கணக்கைக் காட்டுங்க, அவருக்கும் லாபம்தான்.

இன்னும் ஏத்தணும்னா பாஃபிள் பைன்னு ஒண்ணு உண்டு. நாலு மூலையிலயும் உள்ள ஓட்டை போட்ட துணிப்பட்டை தச்சிருப்பாவ, வயிறு தள்ளாம கிட்டத்தட்ட சதுரமாவே நிக்கும். 110×110 போட்டா 114-க்குள்ள நிக்கும். 1 மீட்டர் உயரத்துல 700 கிலோவுக்கு மேல ஏறும், கண்டெய்னர்ல 14 டன் வரும். அடுக்கினா செங்கல் கட்டினது போல இருக்கும். ஆனா உங்க மாதிரி ஒட்டுத தூள் மூலைப் பட்டைக்குப் பின்னால தங்கும், கடைசி பத்து கிலோவை இறக்க பையை உதறணும். லைனரும் அந்த வடிவத்துக்கே செஞ்சதா இருக்கணும், சாதாரண லைனர் அதுல உக்காராது. விலையும் கூட. கப்பல் வாடகை எம்புட்டுன்னு பாத்து முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா முதல் லோடுக்கு 600 கிலோ சாதாரணப் பை போதும்.

மரப் பேலட் வச்சு ஏத்துதாவன்னா, ஒவ்வொரு பேலட்டும் 14 செ.மீ. தின்னும். ரெண்டு அடுக்குக்கு 28. பை உயரத்தை அதுக்குத் தக்கன குறைக்கணும், இல்லன்னா கதவுல முட்டும். பேலட் இல்லாம லூப்ல தூக்கி ஏத்துனா, மேலடுக்கு வைக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் மாஸ்ட் (நட்டமா நிக்கிற தூக்குச் சட்டம்) கண்டெய்னர் கூரையில இடிக்காத குட்டை மாஸ்ட் வண்டி வேணும். லூப் மாட்டுத வண்டி முள் ரெண்டும் ஓரம் கூர்மையா இருந்தா லூப்பை அறுக்கும், பைப் மாட்டியோ சாக்கு சுத்தியோ மழுக்கிருங்க. லூப் மூலைக்குக் குறுக்கா தச்சிருந்தா நட்டமா நிக்கும், ஆள் பிடிச்சுக் கொடுக்காமலே முள் நுழையும். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாலும் அதையே கேளுங்க.

தையல்காரி

நான் ஜம்போ பேக் தைக்குத யூனிட்ல சூப்பர்வைசரா இருக்கேன். தம்பிக்குத் தையல் ஓரம் கசியுததைப் பத்திச் சொல்லுதேன்.

ஊசி குத்துத ஒவ்வொரு இடமும் ஓட்டை. மணலோ கல்லோ போட்டா பரவால்ல. 40, 50 மைக்ரான் தூள் அந்த ஓட்டை வழியா வரத்தான் செய்யும். அதுக்கு டஸ்ட்ப்ரூஃப் தையல்னு கேட்டு வாங்கணும். ரெண்டு துணிக்கும் நடுவுல பஞ்சு நூலோ ஃபெல்ட் நாடாவோ வச்சுத் தைப்போம், ஊசி ஓட்டையை அது அடைச்சுக்கிடும். கொட்டேஷன்ல "சாதா தையல்"னு இருந்தா விலை குறைவாத் தெரியும், அதுல இது இருக்காது.

லைனர் போடுதியன்னா கசிவு தானா குறையும். ஆனா லைனரை எப்பிடிக் கோத்திருக்காவன்னு பாருங்க. சும்மா உள்ள திணிச்ச லைனர் இறக்கும்போது தூளோட சேந்து வழுக்கித் தொட்டிக்குள்ள போயிரும். நாலு மூலையில நாடா வச்சு பையோட கட்டினதோ, பசை போட்டு ஒட்டினதோ கேளுங்க. லைனர் அளவு பையை விட அகலத்துலயும் நீளத்துலயும் கொஞ்சம் பெருசா இருக்கணும். அப்பதான் பாரம் துணிமேல விழும். லைனர் சின்னதா இருந்தா பாரம் முழுக்க பிலிம் தாங்கும், கிழிஞ்சிரும்.

ஜிஎஸ்எம் பத்தி: அது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. 1 டன் பைக்கு 160-ல இருந்து 220 வரைக்கும் போகும். ஜிஎஸ்எம் மட்டும் பாத்து நல்ல பைன்னு முடிவு பண்ணாதிய. லூப் எங்க தச்சிருக்கு, எம்புட்டு நீளம் துணியோட பிணைஞ்சிருக்கு, தையல் நூல் அறுந்து தொங்குதான்னு பாருங்க. பை அறுந்து விழுததுல பாதி லூப் தச்ச இடத்துலதான்.

வெளியில கோட்டிங் (மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு) போட்ட துணியும் வேணுமான்னு கேப்பிய. உள்ள லைனர் இருந்தா வெளியில கோட்டிங் இல்லாம விடலாம். லைனருக்கும் துணிக்கும் நடுவுல மாட்டுத காத்து துணி வழியா போயிரும், பை உப்பாம நிக்கும்.

தலையூத்து பேக்கிங்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. கோட்டிங் விஷயத்துல ஒண்ணு மட்டும் சேக்கேன். கண்டெய்னர்ல போறதுக்கு கோட்டிங்கும் லைனரும் ரெண்டும் போடுங்க. நடுக்கடல்ல ஒரு லைனர் ஓட்டையானா வெளித்துணிதான் காப்பாத்தும். ராணிப்பேட்டை லாரிக்கு லைனர் போதும்.

5:1 கேட்டியளே தம்பி. 1000 கிலோ பைன்னா புதுசா இருக்கும்போது சோதனையில 5000 கிலோ இழுப்பைத் தாங்கணும். இதுக்கான தரம் ஐஎஸ்ஓ 21898, சோதனைச் சான்றை அதைப் பாத்துக் கேளுங்க. 5:1 ஒரே ஒரு தடவை நிரப்பி இறக்கத்தான். திரும்பத் திரும்ப உபயோகிக்க 6:1 வேணும். தூத்துக்குடிப் பக்கம் பழைய ஜம்போ பேக் சல்லிசா கிடைக்கும். உரம் வந்தது, பிளாஸ்டிக் குருணை வந்ததுன்னு அடுக்கி வச்சு விப்பாவ. மண்ணு அள்ள, குப்பை போட வாங்குங்க. சரக்கு நிரப்பி ஆள் தலைக்கு மேல தூக்க வாங்கவே வாங்காதிய. எத்தனை தடவை தூக்கினது, எத்தனை மாசம் வெயில்ல கெடந்ததுன்னு யாருக்கும் தெரியாது.

நம்ம ஊர் வெயிலுக்கு இதைச் சொல்லியே ஆகணும். பாலிப்ரொப்பிலீன் வெயில்ல செத்துப் போகும். வெயில் தாங்குத மருந்து கலந்து நெய்த துணியா இருந்தாலும், 200 மணி நேரம் புறஊதா விளக்குல வச்ச பொறவு பாதி பலம் மிஞ்சினாப் போதும்னுதான் அந்தத் தரமே சொல்லுது. மிச்சப் பாதியை நம்பி நம்ம யார்டுல சித்திரை முழுக்க காலிப் பையைக் கட்டுக் கட்டாப் போட்டு வச்சா, மேல் கட்டு லூப்பைக் கையால தேச்சாலே தூள் தூளா உதிரும். பை வந்ததும் குடோனுக்குள்ள, இருட்டுல.

நிரப்புத இடத்தைப் பத்தியும் சொல்லிருதேன். கங்கைகொண்டான்ல ஆனி ஆடிக் காத்து எப்பிடி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும், கயத்தாத்துல காத்தாடி நட்டது அதுக்குத்தான். மேற்குப் பக்கம் சுவரோ தகரமோ இல்லாம பேக்கிங் மேசை போட்டா பாதி சுண்ணாம்பு பக்கத்து காட்டுக்குப் போகும், மிச்சம் ஆள் கண்ணுல விழும். நிரப்புததுக்கு முன்னால லைனருக்குள்ள ஊதுகுழல் வச்சுக் காத்து அடிச்சு மடிப்பெல்லாம் விரிய விடுங்க. நிரப்பும்போது உள்ள இருக்க காத்து வெளியேற தனிக் குழாய் வச்சு ஃபில்டருக்கு இழுங்க. மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதும் ஒரு தடவை, முழுசா நிறையும்போது ஒரு தடவை அதிரவைச்சாப் போதும். ஆளுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணுல பட்டா உடனே தண்ணியில நிறைய நேரம் கழுவணும், பக்கத்துலயே குழாய் இருக்கணும்.

டைப் ஏ, பி, சின்னு கேட்டது நிலைமின்சாரம் பத்தினது. டைப் ஏ-ன்னா அதுக்குத் தடுப்பு ஒண்ணும் இல்லாத சாதாரணப் பை. உங்க சுண்ணாம்பு எரியாது, டைப் ஏ போதும். டைப் சிக்குக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

கோவில்பட்டி மருந்து

அண்ணாச்சி, இடையில வாரதுக்கு மன்னிக்கணும். எங்களுக்குத் தீப்பெட்டி மருந்துக்கு கந்தகத்தூள் வாங்கி இறக்குத வேலை. எங்க சப்ளையரும் இனிமே ஜம்போ பேக்ல தாரேன்னு சொல்லுதாரு. நாங்களும் டைப் ஏ வாங்கலாமா?

தலையூத்து பேக்கிங்

கூடவே கூடாது. கேட்டது நல்லதாப் போச்சு.

தூள் பைக்குள்ள விழும்போதும் கொட்டும்போதும் துணியில உரசி மின்சாரம் சேரும். சுண்ணாம்புல அது பொறியா பறந்தா ஒண்ணும் ஆகாது. கந்தகத்தூள் காத்துல மிதக்கும்போது மிகச் சின்னப் பொறியிலயே பத்திக்கிடுத சரக்கு. டைப் பி பை, துணி வழியா பெரிய மின்பாய்ச்சல் வராம தடுக்கும், அந்தத் துணி தாங்குத மின்னழுத்தம் 6 கிலோவோல்ட்டுக்குள்ள இருக்கும். ஆனா 3 மில்லிஜூலுக்குக் கீழ சக்தி இருக்க பொறியிலயே பத்துத தூளுக்கு டைப் பி ஆகாது, கந்தகம் அந்த ஜாதி. உங்களுக்கு டைப் சி வேணும். அதுல மின்சாரம் கடத்துத நூல் கட்டங்கட்டமா நெய்து எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும், எர்த் மாட்ட பையில தனி நாடா இருக்கும். நிரப்புததுக்கு முன்னால எர்த் கிளிப் மாட்டணும், இறக்கி முடிஞ்ச பொறவுதான் கழட்டணும். எர்த் மாட்டாத டைப் சி, டைப் ஏ-யை விட ஆபத்து, ஏன்னா சேந்த மின்சாரம் மொத்தமா ஒரே பொறியா இறங்கும். எர்த் மாட்டாம உபயோகிக்க டைப் டி இருக்கு, ஆனா அதுக்குப் பக்கத்துல இருக்க இரும்பும் ஆளும் எர்த்ல இருக்கணும். ஐஇசி 61340-4-4 தரப்படி சோதிச்சதான்னு சான்று கேளுங்க. டைப் சி பைக்குள்ள சாதாரணப் பாலித்தீன் லைனர் போட்டா வாங்கின காசு வீண், லைனரும் அந்தப் பைக்குத் தக்கனதா இருக்கணும்.

இன்னொண்ணு, இதை அடிச்சுச் சொல்லுதேன். உங்க யார்டுல பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். கந்தகம் வந்த பையில குளோரேட்டோ, குளோரேட் வந்த பையில கந்தகமோ ஒரு நாளும் போடாதிய, ஒரே கூரைக்குக் கீழ காலிப் பையைக்கூட சேத்து வைக்காதிய. ஒட்டியிருக்க தூளே ஒண்ணோட ஒண்ணு உரசினா போதும். முதல்ல உங்க பகுதி வெடிபொருள், தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள்கிட்ட ஜம்போ பேக்ல இறக்க அனுமதி உண்டான்னு கேட்டுட்டுத்தான் சப்ளையருக்குச் சரி சொல்லணும்.

கங்கைகொண்டான் தூள்

அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. முதலாளி அதிர்வு மேசைக்குச் சம்மதிச்சுட்டாரு, 1.72-ம் 2.08-ம் எழுதிக் காட்டினதும் ஒத்துக்கிட்டாரு. ராணிப்பேட்டைக்கு 95×95×165, 5:1, டைப் ஏ, குறுக்கு லூப், டஸ்ட்ப்ரூஃப் தையல், மூலையில கட்டின லைனர், 40 செ.மீ. இறக்குத ஸ்பவுட்னு மாதிரிக்கு ரெண்டு பை கேட்டிருக்கேன். மேல நிரப்புத ஸ்பவுட் விட்டம் மட்டும் என்ன போடன்னு தெரியல.

தலையூத்து பேக்கிங்

உங்க மிஷின் ஸ்பவுட்ல காத்து அடைச்சு உப்புத ரப்பர் இருக்கா, இல்ல நாடா கட்டுத மாதிரியான்னு பாருங்க. ரப்பர்னா அது உப்பாத நிலையில எம்புட்டோ அதை விட 2 செ.மீ. கூட, உப்பினா இறுக்கிப் பிடிக்கும். நாடான்னா மிஷின் குழாயை விட 5 செ.மீ. கூட. நீளம் 45-க்குக் குறையாம வாங்குங்க, லைனர் வாயை முறுக்கி மடக்கிக் கட்ட அம்புட்டுத் துணி வேணும். மாதிரிப் பை வந்ததும் நிரப்பி, நாலு லூப்லயும் தூக்கி, அரை மணி நேரம் தரைக்கு ஒரு அடி மேல தொங்க விட்டுப் பாருங்க. லூப் தச்ச இடத்துல இழை விலகுதான்னு படம் எடுத்து இங்க போடுங்க, அக்காவும் பாக்கட்டும்.